ஆஸ்பத்திரி என்னும் விருந்து வீடு



இங்கிலாந்தின் தென்பகுதியில், ஹார்ஷாம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ரயில் நிலையம் உண்டு. பலகையில் 'கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல்' என்று எழுதியிருக்கும். கிறிஸ்துவின் ஆஸ்பத்திரி என்று பொருள். வயிற்று வலியோடு பிரயாணம் செய்கிற ஒருவர் அந்தப் பலகையை நம்பி இறங்கி விசாரித்துக்கொண்டு போனால், அவரை எதிர்கொள்கிறவர்கள் டாக்டரோ நர்ஸோ அல்லர். கணுக்கால் வரை தொங்கும் நீலக் கோட்டும் மஞ்சள் காலுறையும் போட்டுக்கொண்டு புத்தகங்களோடு போகும் பள்ளிப் பிள்ளைகள்தான் எதிரே வருவார்கள். அது ஒரு பள்ளிக்கூடம். ஆரம்பித்த நாள்முதல் பிள்ளைகளின் இடமாகவே இருந்து வருகிறது. ஆனால் பெயர் ஹாஸ்பிட்டல்.

1552ஆம் ஆண்டில் லண்டன் நகரத்துத் தெருக்களில் ஏழைப் பிள்ளைகள் ஆதரவற்றுத் திரிந்தார்கள். பிஷப் ரிட்லி, அப்போது பதினைந்து வயதுகூட நிரம்பாதிருந்த அரசர் ஆறாம் எட்வர்டின் முன்னிலையில் ஏழைகளைக் குறித்துப் பிரசங்கம் செய்தார். அந்தப் பிரசங்கத்தின் பலனாக, மூடிக்கிடந்த ஒரு பழைய சந்நியாசி மடத்தில் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் படிப்பும் கொடுக்க இடம் ஏற்பட்டது. அதற்கு வைத்த பெயர்தான் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல். 1902ல் பள்ளி லண்டனை விட்டு ஹார்ஷாமுக்கு வந்தபோதும் பெயரை மாற்றவில்லை.

இது ஏதோ ஒரு விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். லண்டனில் 'ராயல் ஹாஸ்பிட்டல் செல்சீ' என்று ஒன்று உண்டு. 1682ல் அரசர் இரண்டாம் சார்லஸ் ஆரம்பித்தது. அங்கே வாழ்கிறவர்கள் ஓய்வுபெற்ற வயதான சிப்பாய்கள். சிவப்புக் கோட்டு அணிந்து திடகாத்திரமாய் நடமாடுகிறவர்களும் அவர்களில் உண்டு. 1739ல் தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர் தெருவில் போடப்பட்ட குழந்தைகளுக்காக ஓர் இல்லம் ஏற்படுத்தினார். அதற்கும் 'ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல்' என்றே பெயர். நம்முடைய சபைப் பாடகர் குழுக்கள் கிறிஸ்மஸ் காலத்தில் அல்லேலூயா கோரஸ் பாடுகிறார்களே, அதை இயற்றிய ஹாண்டெல் 1750ல் தம்முடைய 'மேசியா' முழுவதையும் அந்த இல்லத்தின் ஆலயத்தில் நடத்தி, வந்த பணத்தை அந்தக் குழந்தைகளுக்கே கொடுத்தார். பிறகு ஆண்டுதோறும் அவ்வாறே நடந்து வந்தது. தாம் மரிக்கும்போது அந்த இசையின் பிரதி ஒன்றையும் இல்லத்துக்கு எழுதிவைத்துப் போனார்.

பள்ளிப் பிள்ளை, கிழச் சிப்பாய், கைவிடப்பட்ட குழந்தை. இவர்களில் ஒருவரும் வியாதியஸ்தர் அல்லவே, பின்னே ஏன் ஹாஸ்பிட்டல்? நாம் தினமும் பத்துத் தடவை சொல்லும் சொல் இது. நம் தாத்தா பாட்டிமார் வாயில் ஆஸ்பத்திரி என்று உருண்டு தமிழாகவே ஆகிவிட்ட சொல். அதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று சற்றுத் திறந்து பார்ப்பது, உங்கள் காணிக்கைகளால் நடக்கிற ஓர் ஆஸ்பத்திரியின் பத்திரிகைக்குப் பொருத்தமானதே என்று எண்ணுகிறோம்.

இதன் மூலம் லத்தீன் மொழியில் இருக்கிறது. அங்கே 'ஹாஸ்பெஸ்' என்று ஒரு சொல். விருந்தாளி என்று அர்த்தம். விருந்தாளியை வரவேற்று வீட்டில் சேர்த்துக்கொள்ளுகிறவர் என்றும் அதற்கே அர்த்தம். வருகிறவருக்கும் வரவேற்கிறவருக்கும் லத்தீன்காரர் ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். இன்றைக்கு நீ என் வீட்டுக்கு வருகிறாய், நாளைக்கு உன் ஊருக்கு நான் வரும்போது நீ எனக்கு இடம் கொடுப்பாய் என்பது அந்தக் காலத்து ஏற்பாடு. ஹாஸ்பெஸ் என்பதிலிருந்து 'ஹாஸ்பிட்டாலிஸ்', அதாவது விருந்தாளிக்கு உரியது. அதிலிருந்து 'ஹாஸ்பிட்டாலே', விருந்தாளிகள் தங்கும் இடம். இது பிரெஞ்சு மொழி வழியாக 1300ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, வழிப்போக்கரும் ஏழைகளும் தங்கும் சத்திரம் என்றே அர்த்தப்பட்டது. வியாதியஸ்தரைப் பார்க்கிற இடம் என்ற அர்த்தம் பிற்பாடு வந்து, மற்ற எல்லா அர்த்தங்களையும் வெளியே தள்ளிவிட்டுத் தான் மட்டும் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பழைய அர்த்தத்தோடு இன்னும் மீந்திருப்பவைதான் ஹார்ஷாமும் செல்சீயும்.

இந்தச் சொல்லின் பிள்ளைகளையும் நமக்குத் தெரியும். விருந்துக்கு அழைப்பவரை 'ஹோஸ்ட்' என்கிறோம். மாணவர் தங்கும் 'ஹாஸ்டல்' உண்டு. பிரெஞ்சுக்காரர் ஹாஸ்டல் என்பதில் உள்ள 'ஸ்' என்ற ஓசையை விழுங்கி 'ஓட்டல்' என்று ஆக்கினார்கள். அதை 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் எடுத்துப் பெரிய விடுதிகளுக்கு வைத்தார்கள். நம் ஊரில் அது இட்லி தோசை கிடைக்கும் கடையாகிவிட்டது. ஆகவே ஹாஸ்பிட்டலும் ஹோட்டலும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இந்நாட்களில் சில பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளின் முகப்பையும் குளிர்சாதன அறைகளின் வாடகைப் பட்டியலையும் பார்க்கிறவர்களுக்கு இந்த உறவு தானாகவே விளங்கியிருக்கும்.

ஆனால் இதே குடும்பத்தில் ஒரு கெட்டுப்போன பிள்ளையும் இருக்கிறான். ஹாஸ்பெஸ் என்பதற்கு அடுத்த வீட்டில் 'ஹாஸ்டிஸ்' என்று ஒரு லத்தீன் சொல் குடியிருந்தது. ஆதியில் அதற்கு அந்நியன், வேற்றூரான் என்றே பொருள். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த சிசெரோ, முன்னோர் அந்நியனைச் சொல்லிய சொல் தம்முடைய காலத்தில் பகைவனைச் சொல்லும் சொல்லாகிவிட்டதே என்று எழுதியிருக்கிறார். விரோதம் என்று பொருள்படும் 'ஹாஸ்டைல்' என்ற ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்தது. ஆங்கில வேதாகமத்தில் சேனைகளின் கர்த்தரைக் குறிக்கும்போது வருகிற 'ஹோஸ்ட்' என்பதும் இந்தப் பகைவன் வழியாகப் படை என்று ஆகி வந்ததே தவிர, விருந்துக்கு அழைக்கும் ஹோஸ்டிலிருந்து நேரே வந்தது அல்ல. வாசற்படியில் முகம் தெரியாத ஒருவன் நிற்கிறான். ஒரு சொல் அவனை விருந்தாளி ஆக்கிற்று, இன்னொரு சொல் பகைவன் ஆக்கிற்று. நிற்கிறவன் என்னவோ ஒருவன்தான்.

நம் தமிழிலும் ஏறக்குறைய இதே வழியில் நடந்த ஒரு சொல் உண்டு. விருந்து என்பதற்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள். புதிதாக வந்த ஆளையே விருந்து என்றார்கள். வள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதும் அந்தப் பொருளில்தான் சொல்லை ஆண்டிருக்கிறார். சொந்தக்காரரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவதைப் பற்றி அல்ல, முன்பின் அறியாமல் வந்தவரைப் பேணுவதைப் பற்றி அங்கே பேச்சு. இன்றைக்கு 'கல்யாண விருந்து எப்படி?' என்று கேட்டால் பிரியாணியைப் பற்றித்தான் பதில் வரும். ஆளைக் குறித்த சொல், ஆளை விட்டுவிட்டு இலைக்குப் போய்விட்டது. ஹாஸ்பிட்டல் என்ற சொல்லும் ஆளை விட்டுவிட்டுக் கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் போய்விட்டதோ என்பதுதான் எங்கள் மனதில் இருக்கிற விசாரம்.

வேதாகமத்துக்குள் வருவோம். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியிலும் 'க்ஸெனோஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. அந்நியன் என்று அர்த்தம். நியாயத்தீர்ப்பைக் குறித்து ஆண்டவர் மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் பேசும்போது, சேர்த்துக்கொள்ளப்பட்ட அந்நியனுக்கு இந்தச் சொல்தான் வருகிறது. ரோமர் 16ஆம் அதிகாரம் 23ஆம் வசனத்தில், பவுல் அப்போஸ்தலரைத் தம் வீட்டில் வைத்து உபசரித்த காயு என்பவருக்கும் இதே சொல் வருகிறது. அந்நியனுக்கும் அவனை ஏற்றுக்கொண்டவருக்கும் ஒரே பெயர். எபிரெயர் 13ஆம் அதிகாரத்தின் ஆரம்பத்தில் உபசரிப்பைக் குறித்து வரும் கிரேக்கச் சொல்லை எழுத்துக்கு எழுத்து பிரித்தால், அந்நியரிடத்தில் அன்பு என்றே வரும். தெரிந்தவர்களுக்குச் செய்வது அந்தச் சொல்லுக்குள் அடங்காது.

நல்ல சமாரியன் உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். எல்லாவற்றிலும் கதாநாயகன் சமாரியன்தான். அவன் அடிபட்டவனைத் தன் மிருகத்தின்மேல் ஏற்றிக் கொண்டுபோன இடத்தைத் தமிழ் வேதாகமம் சத்திரம் என்கிறது. லூக்கா அந்த இடத்தில் எழுதிய கிரேக்கச் சொல் 'பாண்டோகெயோன்'. எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் இடம் என்பது அதன் நேரான பொருள். யூதனா, சமாரியனா, பணம் உண்டா, கூட யார் என்று கேளாமல் எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் வாசல் என்று நாங்கள் அதை வாசிக்கிறோம். குழந்தை இயேசுவின் பிறப்பின்போது இடமில்லாதிருந்த இடத்துக்கும் தமிழில் சத்திரம் என்றே இருந்தாலும், லூக்கா அங்கே எழுதியது வேறொரு சொல். கடைசி இராப்போஜனத்துக்கு ஆயத்தம்பண்ணப்பட்ட அறைக்கு வருகிற சொல் அது.

அடுத்த நாள் சமாரியன் புறப்பட்டுப் போகிறான். அவனுக்கு வேலை இருக்கிறது. போகும்போது சத்திரக்காரனிடத்தில் இரண்டு பணம் கொடுக்கிறான். திராட்சத்தோட்ட வேலையாட்களின் உவமையில் ஒரு நாள் கூலி ஒரு பணம் என்று பார்க்கிறோம். ஆக, இரண்டு நாள் கூலி. இதற்கு மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று வாக்கும் கொடுத்துப் போகிறான். கட்டுப் போடுவதும் கஞ்சி கொடுப்பதும் ராத்திரி எழுந்து பார்ப்பதும் சத்திரக்காரன் வேலை. அவனுடைய பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. செலவு தன் தலையில் விழாது என்ற தைரியம் இருந்தபடியால் அவன் அந்த வேலையைச் செய்ய முடிந்தது. உங்கள் காணிக்கை ரசீதுகளில் கையெழுத்துப் போடும்போது எங்களுக்கு அந்த இரண்டு பணம் அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது என்பதைச் சொல்லிக்கொள்ள விரும்புகிறோம்.

சத்திரத்துக்குள் வியாதி வந்த கதை

சரி, விருந்தாளி தங்கும் வீடு எப்படி வைத்தியம் செய்யும் வீடாயிற்று? பழைய ரோம சாம்ராஜ்யத்தில் வீடு வாசல் உள்ளவனுக்கு நோய் வந்தால் வைத்தியன் அவன் வீட்டுக்கு வருவான். படைமுகாம்களில் சிப்பாய்களுக்கும் பெரிய பண்ணைகளில் அடிமைகளுக்கும் நோயாளர் கூடங்கள் இருந்தன. அவர்கள் எழுந்து வேலை செய்யவேண்டும் என்பது எஜமானுக்கு முக்கியம். நடுவில் விடப்பட்டவன் வழிப்போக்கனும் பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்தவனும்தான். காய்ச்சல் கண்டால் அவனுக்கு வீடும் இல்லை, எஜமானும் இல்லை. கிறிஸ்தவ சபைகள் அப்படிப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்ள ஏற்படுத்திய வீடுகளுக்கு அந்நியரை ஏற்கும் இடம் என்றே கிரேக்கத்தில் பெயர். விருந்தாளியாக வந்தவன் படுத்துவிட்டால் வெளியே போகச் சொல்ல முடியுமா? இப்படியாக, வியாதி அந்த வீட்டுக்குள் விருந்தாளியின் முதுகில் ஏறி வந்தது.

இதைக் குறித்து எதிராளியின் சாட்சியே இருக்கிறது. கிறிஸ்தவத்தை விட்டு விலகி, பழைய தேவர்களின் வணக்கத்தைத் திரும்பவும் நிலைநிறுத்தப் பார்த்த ஜூலியன் சக்கரவர்த்தியின் பெயரால் 362ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. சோசோமன் என்ற சபைச் சரித்திர ஆசிரியர் அதைக் காத்து வைத்தார். கலாத்தியாவின் பிரதான பூசாரிக்கு எழுதப்பட்ட அந்தக் கடிதத்தில், கலிலேயர் தங்கள் ஏழைகளை மட்டுமல்லாமல் நம்முடைய ஏழைகளையும் போஷிக்கிறார்களே என்று வெட்கப்பட்டு, பட்டணந்தோறும் அந்நியருக்கான வீடுகளை ஏற்படுத்தும்படி கட்டளையும், அதற்குக் கோதுமையும் திராட்சரசமும் ஒதுக்கீடும் இருக்கிறது.

பத்து வருஷத்துக்குள்ளாக, பக்கத்து மாகாணமான கப்பத்தோக்கியாவில் செசரியா பட்டணத்துப் பிஷப் பசிலியார் பெரிய காரியம் ஒன்றைச் செய்தார். 369ஐ ஒட்டி அங்கே கொடிய பஞ்சம். பசிலியார் பணக்காரரின் களஞ்சியங்களைத் திறக்கும்படி பிரசங்கித்து, தாமே பந்தி வைத்தார். பிறகு 370க்குப் பின்வந்த ஆண்டுகளில், பட்டணத்து வாசலுக்கு வெளியே பிரயாணிகளுக்கும் ஏழைகளுக்கும் குஷ்டரோகிகளுக்கும் வியாதியஸ்தருக்கும் வீடுகள் எழும்பின. வைத்தியர்களும் வைத்தியத்துக்கு உதவுகிறவர்களும் அங்கே இருந்தார்கள். அதன் அளவைப் பார்த்து அவருடைய சிநேகிதர் நசியான்சு கிரகோரியார் அதை ஒரு புதிய பட்டணம் என்றே வர்ணித்தார்.

ரோமாபுரியில் இதைச் செய்தவர் ஒரு பெண்மணி. ஃபபியோலா என்ற பிரபு குலத்து விதவை, தம் ஆஸ்தியை விற்று, தெருவில் கிடந்த நோயாளிகளைச் சேர்க்க ஒரு வீடு ஏற்படுத்தினார். அவர் 399ல் மரித்தபின், வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த எரோனிமு அவரைப் பற்றி எழுதிய கடிதம் இருக்கிறது. மற்றவர்கள் பார்க்கவும் கூசுகிற புண்களை அவர் தம் கையால் கழுவினார் என்றும், நோயாளிகளைத் தம் தோளிலேயே சுமந்துவந்தார் என்றும் அதில் காண்கிறோம். ரோமாபுரிக்கு அருகே துறைமுகத்தில், கப்பலில் வந்து இறங்கும் அந்நியருக்காகப் பம்மாக்கியு என்பவரோடு சேர்ந்து இன்னொரு வீடும் அவர் கட்டினார்.

நோயாளியைப் பராமரிக்கும் வீடு என்பது கிறிஸ்தவர் மாத்திரம் கண்ட காரியம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. இலங்கையில் மிகிந்தலையில் பௌத்த பிக்குகளுக்கான 9ஆம் நூற்றாண்டு மருத்துவமனையின் அடித்தளத்தை, மருந்துத் தைலத்தில் ஆளைக் கிடத்தும் கல் தொட்டியோடு இன்றும் பார்க்கலாம். நாங்கள் சொல்வது ஹாஸ்பிட்டல் என்ற சொல்லின் வழியை.

அந்த வழி எருசலேமுக்கும் போகிறது. இத்தாலி தேசத்து அமால்ஃபி பட்டணத்து வியாபாரிகள் 11ஆம் நூற்றாண்டில் யாத்திரிகருக்காக அங்கே ஒரு ஹாஸ்பிட்டல் ஏற்படுத்தினார்கள். ஜெரார்டு என்ற சகோதரர் அதை நடத்தினார். 1113ல் போப்பரசரின் அங்கீகாரம் கிடைத்தது. அந்தச் சகோதரர்களின் சட்டத்தில் வியாதியஸ்தனை எஜமான் என்றே குறித்தார்கள். அவர்கள் தங்களை அவனுடைய ஊழியக்காரராக எண்ணினார்கள். 1182ஆம் ஆண்டு விதிகளை வாசித்தால் எங்கள் நர்ஸிங் கண்காணிப்பாளருக்கே பொறாமை உண்டாகும்! ஒவ்வொரு படுக்கையும் தாராளமான நீள அகலத்தோடு இருக்கவேண்டும், ஒவ்வொருவருக்கும் தனிப் போர்வை வேண்டும், ராத்திரியில் கழிப்பிடத்துக்குப் போய்வர ஆட்டுத்தோல் மேலங்கியும் காலணியும் கொடுக்கவேண்டும், யாத்திரை வந்த ஸ்திரீகளுக்கு அங்கே குழந்தை பிறந்தால் குழந்தைக்குத் தனித் தொட்டில் வேண்டும். நான்கு வைத்தியர்களை நியமிக்கவும் அதில் ஏற்பாடு இருக்கிறது. அங்கே முகமதியரையும் யூதரையும்கூடச் சேர்த்தார்கள் என்று அக்காலத்து விவரணை ஒன்று சொல்கிறது.

வருத்தமான பின்கதை ஒன்றும் உண்டு. அதே சகோதரர் சங்கம் சிலுவைப்போர்க் காலத்தில் வாள் எடுத்துப் பெரிய படையாக மாறியது. ஒரு கையால் அந்நியனுக்குப் போர்வை போர்த்தி, மறு கையால் அந்நியனை வெட்டினார்கள். விருந்தாளி என்ற சொல்லும் பகைவன் என்ற சொல்லும் ஒரே சங்கத்துக்குள் குடியிருந்தன.

இன்னொரு சொல்லைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பெருங்கூச்சல், தாறுமாறு என்பதற்கு ஆங்கிலத்தில் 'பெட்லம்' என்பார்கள். அது பெத்லெகேம் என்ற பெயரின் சிதைவு. 1247ல் லண்டனில் பெத்லெகேம் மரியாள் பெயரால் ஒரு மடம் ஏற்பட்டது. பெத்லெகேமிலிருந்து பிஷப்போ குருமாரோ இங்கிலாந்துக்கு வந்தால் தங்க வைப்பதற்கான வீடு அது. அதாவது அசலான விருந்து வீடு. 1403ஆம் ஆண்டு விசாரணைப் பதிவில் அங்கே சித்தம் கலங்கிய ஆண்கள் 6 பேர் இருந்ததாகக் காண்கிறோம். காலப்போக்கில் அது முழுவதும் மனநோயாளிகளின் இடமாயிற்று. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் லண்டன் மக்கள் பொழுதுபோக்காகப் போய், காசு போட்டு, அவர்களை வேடிக்கை பார்த்தார்கள். 1770ல்தான் அந்தக் கூட்டத்தைக் கட்டுப்படுத்தினார்கள். சத்திரத்தில் இடம் கிடைக்காத பாலகன் பிறந்த ஊரின் பெயர், விருந்தாளியைக் கேலிப்பொருளாக்கிய வீட்டின் வழியாகக் கூச்சலைக் குறிக்கும் சொல்லாகிப் போயிற்று. அந்த ஆஸ்பத்திரி இடம் மாறி, சீர்திருந்தி, இன்றும் நல்ல முறையில் நடக்கிறது, சொல்தான் திருந்தவில்லை.

சமீப காலம்வரைக்கும் வசதியுள்ளவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. 1846ல் மயக்கமருந்தும், 1867ல் லிஸ்டர் வெளியிட்ட கிருமிநாசினி முறையும் வந்தபின்னரே, வீட்டில் கிடைக்காத சிகிச்சை ஆஸ்பத்திரியில் கிடைக்கும் என்ற நிலை மெல்ல மெல்ல ஏற்பட்டது. 1951ல்கூட இங்கிலாந்து அரசர் ஆறாம் ஜார்ஜுக்கு நுரையீரல் ஆபரேஷன் பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே நடந்தது. கருவிகள் பெருகப் பெருகச் செலவு பெருகியது. செலவு பெருகப் பெருகக் கொடுக்கக்கூடியவர்கள் வரவேண்டியது அவசியமாயிற்று. யாருமில்லாதவனுக்காக ஏற்பட்ட வீட்டில், எல்லாம் உள்ளவர்கள் முன்வரிசைக்கு வந்தார்கள். அதைத் தவறு என்று சொல்லமாட்டோம். அவர்கள் கட்டும் பணத்தால்தான் எங்கள் ஸ்கேன் இயந்திரமும் ஓடுகிறது. ஆனாலும் நம் நாட்டில் மிஷன் ஆஸ்பத்திரிகள் பல மூடப்பட்டுப் போனதையும், பிழைத்துக்கொண்டவற்றில் சில யாருக்காக ஏற்பட்டனவோ அவர்கள் உள்ளே வரப் பயப்படும்படி ஆனதையும் பார்க்கிறோம்.

கூட யார் வந்திருக்கிறார்கள்?

எந்த ஆஸ்பத்திரியிலும் அட்மிஷன் மேஜையில் முதலில் கேட்கும் கேள்வி இது. எங்களிடத்திலும் அதே கேள்விதான். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு ஓட, ரத்தம் கொடுக்க ஆள் தேட, ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட, முன்பணம் கட்ட ஒருவர் வேண்டும். நம் ஊர் ஆஸ்பத்திரிகள் எல்லாமே நோயாளிக்குப் பின்னால் ஒரு குடும்பம் நிற்கிறது என்று எண்ணித்தான் நடக்கின்றன. நின்றால் எல்லாம் நன்றாகவே நடக்கும். 'ஒருத்தருமில்லை' என்று பதில் வரும்போது சக்கரம் நின்றுவிடுகிறது.

அப்படிப் பதில் சொல்லுகிறவர்கள் யார்? பேருந்து நிலையத்தில் விழுந்து கிடந்து ஆட்டோக்காரர் ஒருவர் கொண்டுவந்து விட்டுப்போகும் முதியவர்கள். பிள்ளைகள் இருந்தும் விலாசம் சொல்ல மனமில்லாத தாய்மார். வடமாநிலங்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்து, தமிழ் தெரியாமல், காய்ச்சலில் நடுங்கும் வாலிபர்கள். அரசாங்கக் காப்பீட்டுத் திட்டங்களால் ஏழைகளுக்கு மெய்யாகவே பெரிய நன்மை உண்டாயிருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 முதல், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சை எந்த மாநிலத்தவர் என்று பாராமல் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் விபத்தில்லாமல் வெறும் காய்ச்சலோடு, அட்டையும் இல்லாமல், ஆளும் இல்லாமல் வருகிறவர் எந்தக் கட்டத்திலும் அடங்குவதில்லை. ஹாஸ்பிட்டல் என்ற சொல் யாருக்காக உண்டாயிற்றோ, அந்த அசல் விருந்தாளி அவர்தான்.

அதனால் எங்கள் நிர்வாகக் குழுவில் ஜெபத்தோடு கலந்துபேசி ஒரு முறை ஏற்படுத்தியிருக்கிறோம். கூட ஆள் இல்லாமல் வருகிறவருக்கு, பணியில் இருக்கும் வார்டு உதவியாளர் ஒருவரே உடனிருப்பவராகப் பதிவு செய்யப்படுவார். மருந்து, பரிசோதனை, மூன்று வேளை ஆகாரம், மாற்றுடை ஆகியவற்றின் செலவு முன்பணம் கேளாமல் ஏழை நோயாளி நிதியில் எழுதப்படும். உயிருக்கு ஆபத்தான நிலையில் கையெழுத்துக்காகச் சிகிச்சை காத்திராது. இது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது நிதி தாங்குமா என்ற கவலை ஒவ்வொரு தடவையும் வருகிறது. மருந்துக் கடன் ஏறுகிற மாதங்களில், இந்த முறையைச் சற்று நிறுத்தி வைக்கலாமே என்று யோசனை சொல்லுகிறவர்களும் குழுவில் உண்டு. அவர்களும் இந்த ஊழியத்தில் அன்புள்ளவர்களே. அவர்கள் கவலை நியாயமானது. சம்பளம் கொடுக்கவேண்டிய தேதி யாருக்காகவும் தள்ளிப்போகாது.

இந்தக் குடும்பத்தில் இன்னும் ஒரு சொல் பாக்கி இருக்கிறது. ஆல்ப்ஸ் மலைக் கணவாயில் பனியில் அகப்பட்ட பிரயாணிகளுக்காகப் புனித பெர்னார்டு 11ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்திய தங்குமிடத்துக்கு 'ஹாஸ்பிஸ்' என்று பெயர். இன்றைக்கு அந்தச் சொல், குணமாக வழியில்லாத நோயாளிகள் தங்கள் கடைசி நாட்களை வேதனை குறைந்து கழிக்கும் இல்லத்தைக் குறிக்கிறது. சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் 1967ல் லண்டனில் ஆரம்பித்த செயின்ட் கிறிஸ்டபர்ஸ் ஹாஸ்பிஸ் இந்தப் பணிக்கு வழிகாட்டியாயிற்று. கிறிஸ்டபர் என்பவர் பிரயாணிகளின் பரிசுத்தவான் என்பதை நினைத்தே அந்தப் பெயரை வைத்தார்கள்.

அந்த இல்லத்தின் முதல் காணிக்கை எப்படி வந்தது தெரியுமா? 1947ல் அம்மையார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்பநிலையையும் பண நிலையையும் விசாரிக்கும் வேலையில் இருந்தார். அப்போது புற்றுநோயால் மரிக்கிற நிலையில் டேவிட் டாஸ்மா என்ற போலந்து தேசத்து யூதரைச் சந்தித்தார். உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்தவர். லண்டனில் அவருக்கு உற்றார் ஒருவருமில்லை. கூட யார் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாதவர். இவரைப் போன்றவர்களுக்கு வலியைத் தணிக்கவும் நிம்மதியாகப் பேசவும் ஓர் இடம் வேண்டுமே என்று இருவரும் பல நாள் பேசிக்கொண்டார்கள். 1948ல் அவர் மரித்தபோது 500 பவுன் பணத்தை அம்மையாருக்கு எழுதிவைத்திருந்தார். அந்த வீட்டில் தாம் ஒரு ஜன்னலாக இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. அப்போது வீடும் இல்லை, நிலமும் இல்லை. அந்த ஜன்னலைச் சுற்றி வீட்டைக் கட்டி முடிக்க 19 ஆண்டுகள் ஆயின. அம்மையார் அந்த இடைக்காலத்தில் மருத்துவம் படித்து, 1957ல் டாக்டரானார். டாஸ்மாவின் கண்ணாடி ஜன்னல் செயின்ட் கிறிஸ்டபர்ஸில் இருக்கிறது. உற்றார் இல்லாத அந்நியராய்ப் படுத்திருந்தவர், அதற்குப்பின் அங்கே வந்த அத்தனை பேருக்கும் வீட்டுக்காரர் ஆனார். 2005ல் அம்மையாரும் தாம் கட்டிய அதே இல்லத்தில், அங்கே வந்த மற்ற விருந்தாளிகளைப்போலப் படுத்திருந்து கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

எங்கள் ஏழை நோயாளி நிதியில் கூட ஆள் இல்லாமல் வருகிறவர்களின் செலவுக்கென்று இப்போது தனி ஏடு வைத்திருக்கிறோம். கணக்குப் பிரிவில் அதைச் சத்திரக் கணக்கு என்று அழைக்கிறார்கள். அதற்கென்று அனுப்ப விரும்புகிறவர்கள் காசோலையின் பின்புறத்தில் அந்தப் பெயரை எழுதினால் போதும். பழைய கம்பளிப் போர்வைகள், வேட்டி, கைலி, நைட்டி ஆகியவற்றைச் சலவை செய்து அனுப்பினாலும் நன்றியோடு பெற்றுக்கொள்ளுகிறோம். ரசீது தபாலில் வரும்.